கடல்மேல் ஓர் அமானிதம்

அரபு மொழியில் ‘ரஃஸ்’ என்பது தலையைக் குறிக்கும். அதிலிருந்து பிறந்ததே ‘ரயீஸ்’ என்னும் சொல். உதுமானியத் துருக்கியர் தம் போர்க்கப்பல் தலைவர்களை இச்சொல்லாலேயே அழைத்தனர். காலில் தைத்த முள்ளின் வலியையும் தலையே உணர்கிறது. அவ்வாறே கப்பலில் எப்பலகை பிளந்தாலும், எம்மாலுமி மடிந்தாலும், அதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர் ரயீஸ்.

இப்பொறுப்பின் கனத்தை இஸ்லாமிய அரசு தொடக்கத்திலேயே அறிந்திருந்தது. ஷாமின் ஆளுநர் முஆவியா (ரலி) கடற்படையெடுப்புக்கு அனுமதி வேண்டியபோது, மக்களின் உயிரை அலைகளிடம் ஒப்படைக்கக் கலீஃபா உமர் (ரலி) இசையவில்லை. பின்னர் உஸ்மான் (ரலி) அனுமதித்தபோதும் எவரையும் கட்டாயப்படுத்தலாகாது, விரும்பி வருவோரையே அழைத்துச் செல்ல வேண்டும் என நிபந்தனை விதித்தார்கள். சைப்ரஸ் நோக்கிய அப்பயணம் ஹிஜ்ரி 28இல் நிகழ்ந்தது.

ஒன்பது நூற்றாண்டுகள் கழித்து, ஒரே கடற்படையின் பொறுப்பை அடுத்தடுத்துச் சுமந்த இரு ரயீஸ்களின் வரலாறு நம் சிந்தனைக்குரியது.

முதலாமவர் பீரீ ரயீஸ். 1513ஆம் ஆண்டின் உலக வரைபடத்தாலும் ‘கிதாபே பஹ்ரிய்யா’ என்னும் கடல்நூலாலும் புகழ் பெற்றவர். 1552இல், முதுமையின் விளிம்பில், சூயஸிலிருந்து படையுடன் புறப்பட்டு மஸ்கட் கோட்டையைக் கைப்பற்றினார். ஹுர்முஸ் கோட்டையோ வீழவில்லை. முற்றுகையை விட்டுப் பஸ்ரா சென்றவருக்குப் போர்த்துக்கீசியப் படை வருவதாகச் செய்தி எட்டியது. வளைகுடாவின் வாயில் அடைபட்டுவிடும் என அஞ்சி, பெரும்பாலான கப்பல்களைப் பஸ்ராவிலேயே விட்டுவிட்டுச் சிலவற்றுடன் மட்டும் எகிப்து திரும்பினார். கொண்டுவந்த செல்வம் அவரைக் காக்கவில்லை. படையைக் கைவிட்ட குற்றத்திற்காகக் கெய்ரோவில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

பஸ்ராவில் நின்ற கப்பல்களைச் சூயஸ் சேர்க்க முயன்ற முராத் பேயும் ஹுர்முஸ் அருகே போரிட்டுத் திரும்ப நேர்ந்தது. அதன்பின் அப்பணி ஸெய்யிதி அலீ ரயீஸிடம் வந்தது. ரோட்ஸ் முற்றுகையிலும், 1538இல் பிரெவெஸா போரிலும் பங்கேற்ற அனுபவசாலி அவர். எனினும் அவர் அறிந்தது மத்தியதரைக் கடலையே. அவர் பொறுப்பேற்ற கப்பல்களும் துடுப்பால் இயங்குபவை. பக்கம் தாழ்ந்தவை; துடுப்பாளர் மிகுந்தவை; அத்தனை பேருக்கும் வேண்டிய குடிநீரை நெடுநாள் தேக்கிவைக்க இடமற்றவை. அரபிக்கடலின் பருவக்காற்றுக்காக அமைந்தவை அல்ல.

1554 ஜூலையில் 15 கப்பல்களுடன் அவர் புறப்பட்டார். ஆகஸ்டில் போர்த்துக்கீசியருடன் இருமுறை மோதினார். மஸ்கட் அருகே நடந்த இரண்டாம் போரில் ஆறு கப்பல்கள் பறிபோயின. எஞ்சிய ஒன்பதையும் புயல் கிழக்கே அடித்துச் சென்றது. பல நாள் அலைக்கழிந்து, பாரத்தைக் குறைக்கப் பொருள்களைக் கடலில் எறிந்து, இறுதியில் குஜராத்தின் தமன் கரையை அடைந்தனர். அங்கும் சில கப்பல்கள் தரைதட்டின.

சூரத்தில் அவருக்குப் பெருஞ்சோதனை காத்திருந்தது. கப்பல்கள் பயணத்திற்கு உதவாதவை ஆயின. ஊதியமின்றித் தவித்த வீரர்களில் பெரும்பாலோர் குஜராத் அரசின் பணியில் சேர்ந்தனர். கப்பல்களையும் பீரங்கிகளையும் ரயீஸ் அப்படியே விட்டுச் செல்லவில்லை. அவற்றின் விலையை இஸ்தான்பூலுக்கு அனுப்ப வேண்டும் என்னும் உடன்பாட்டின்மீதே சூரத் ஆளுநரிடம் ஒப்படைத்தார். தோல்வியின் நடுவிலும் கணக்கை மறவாத இச்செயலே அமானிதம் பேணுதல் என நாம் கருதுகிறோம்.

பின்னர், உடன்வர விரும்பிய ஏறத்தாழ ஐம்பது பேருடன் தரைவழியே புறப்பட்டார். அஹ்மதாபாத்தில் தங்கியிருந்தபோது, அரபு மாலுமிகளான இப்னு மாஜித், ஸுலைமான் அல் மஹ்ரீ ஆகியோரின் நூல்களைக் கொண்டு ‘அல் முஹீத்’ என்னும் கடல்நூலைத் தொகுத்தார். தம்மை வீழ்த்திய கடலின் காற்றையும் விண்மீனையும் அடுத்து வருவோராவது அறியட்டும் என்பது போல் அமைந்தது அப்பணி. சிந்து, லாகூர், டில்லி எனச் சென்றார். 1556 ஜனவரியில் ஹுமாயூன் மறைந்தபோது டில்லியில் இருந்தார். காபூல், ஸமர்கந்த், ஈரான், பக்தாத் வழியாக 1557இல் தாயகம் சேர்ந்தார்.

ஒரு கப்பலும் இன்றி அவர் சுல்தான் சுலைமான் முன் நின்றார். முன்னவருக்கு நேர்ந்த கதியை அவர் அறியாதவரல்லர். ஆயினும் சுல்தான் மன்னித்தார். நான்காண்டு நிலுவை ஊதியத்தை வழங்கச் செய்து, அரண்மனைப் பணியும் அளித்தார். தம் பயணத்தை அவர் ‘மிர்ஆத்துல் மமாலிக்’ என்னும் நூலாக எழுதினார்.

கப்பல்களைச் சேதமின்றி விட்டுவந்தவர் தண்டிக்கப்பட்டார். அனைத்தையும் இழந்தவர் மன்னிக்கப்பட்டார். இது முரணன்றோ என வாசகர் வினவலாம். அரசியல் காரணங்கள் இருந்திருக்கலாம். முதியவரான பீரீ ரயீஸுக்கு விதிக்கப்பட்ட தண்டனை கடுமையானது என்பதே நம் கருத்தும். ஆனால் ஒன்றை மறுப்பதற்கில்லை. புயலுக்கும் வெற்றிக்கும் எந்தத் தலைவனும் பொறுப்பாளியல்லன். தன்னிடம் ஒப்படைக்கப்பட்டோரோடு இறுதிவரை நின்றானா என்பதற்கே அவன் பொறுப்பாளி.

கப்பலின் தலைவருக்கு மட்டுமன்று. ஒரு குடும்பத்தையோ, ஜமாஅத்தையோ, மதரஸாவையோ நடத்துவோருக்கும் இதுவே அளவுகோல். நம்மிடம் கேட்கப்படும் கணக்கும் இதுவே.