குப்பையில் கிடைத்த 283 படங்கள்

ஊரிலிருந்து சண்டிகருக்கு யார் வந்தாலும் நாம் முதலில் கூட்டிக்கொண்டு போகும் இடம் ராக் கார்டன்தானே? உடைந்த வளையல், பீங்கான் துண்டு, பழைய சைக்கிள் பாகம் என்று கழிவுகளை வைத்தே ஒரு ராஜ்ஜியம். சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1950களின் கடைசியிலிருந்து அரசாங்க நிலத்தில் யாருக்கும் தெரியாமல் கட்டியது. 1976-ல்தான் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள்.

ஓவியக் கல்லூரிப் பக்கமே போகாமல், விற்கும் எண்ணமும் இல்லாமல், தன் மனசுக்காக மட்டும் செய்கிற இந்த மாதிரி கலையை மேல்நாட்டில் 'அவுட்சைடர் ஆர்ட்' என்கிறார்கள். 1940களில் பிரெஞ்சு ஓவியர் ழான் துபுஃபே இதற்கு 'ஆர்ட் ப்ரூ' என்று பெயர் வைத்தார். ரோஜர் கார்டினல் 1972-ல் எழுதிய புத்தகத்தின் தலைப்புதான் இன்றைக்கு ஆங்கிலத்தில் நிலைத்த பெயர்.

நேக் சந்துக்குப் பெயர் கிடைத்தது, 1984-ல் பத்மஸ்ரீயும் கிடைத்தது. ஆனால் இந்த வகையில் பலருக்குப் பெயரே மிஞ்சவில்லை. பொருள் மட்டும் கைமாறிக் கைமாறி ஏலத்துக்கு வரும். செய்தவர் யார் என்று கேட்டால் பதில் இருக்காது. அப்படி ஏலத்துக்கு வந்த ஒரு நோட்டின் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

1970-ல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஸ்ப்ரிங்ஃபீல்ட் என்கிற ஊர். ஒரு பள்ளிக்கூடப் பையன் குப்பையில் கிடந்த ஒரு கனமான நோட்டை எடுக்கிறான். கையால் தைத்துக் கட்டிய நோட்டு. உள்ளே பக்க எண் போட்டு 283 படங்கள். பென்சிலிலும் க்ரேயானிலும் வரைந்தவை. பெரிய பெரிய கண்களோடு நம்மையே பார்க்கும் ஆண்கள், பெண்கள், நீராவிக் கப்பல், சிங்கம், பழைய மோட்டார் கார், ரயில். வரைந்த தாள்களோ ஒரு மனநல மருத்துவமனையின் கணக்குத் தாள்கள். தலைப்பில் அச்சடித்த மருத்துவமனைப் பெயர் அப்படியே இருக்கிறது. வரைந்தவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

அந்தப் பையன் 36 வருஷம் அதைப் பத்திரமாக வைத்திருந்தான். 2006-ல் அது ஒரு புத்தக வியாபாரியிடம் போய், அங்கிருந்து ஈபே ஏலத்துக்கு வந்தது.

இந்த இடத்தில் ஈபே பற்றி இரண்டு வார்த்தை. பியர் ஒமிட்யார் 1995-ல் தொடங்கியது. நம்மூரில் 2000-ல் வந்த பாஸி டாட் காம் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அதை 2004-ல் ஈபே வாங்கியது. ஈபேயின் இந்தியத் தளம் 2018-ல் மூடப்பட்டது. நாம் அதில் செல்போனும் பழைய நாணயமும் தேடிக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அமெரிக்காவில் பரணிலும் கார் ஷெட்டிலும் கிடந்த விசித்திரமான பொருளெல்லாம் ஏலத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதற்கு முன்பு, சின்ன ஊரில் இப்படி ஒரு நோட்டு கிடைத்தால் உள்ளூர்ப் பழைய சாமான் கடைக்காரர் சொல்வதுதான் விலை. அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் மறுபடியும் குப்பைதான். இப்போது நாலு போட்டோ எடுத்துப் போட்டால் போதும், எங்கேயோ இருக்கும் ஒருவர் கண்ணில் படும்.

பட்டது. ஹாரிஸ் டயமன்ட் என்கிற சேகரிப்பாளர் கண்ணில். இடையில் இன்னொருவர் கைக்குப் போன நோட்டை அவர் வாங்கிவிட்டார். ஒரு படத்தில் 'எலெக்ட்ரிக் பென்சில்' என்பதைத் தப்பும் தவறுமாக எழுதியிருந்ததால், பெயர் தெரியாத அந்த ஓவியருக்கு அதையே பெயராக வைத்தார். படங்களில் இ.சி.டி. என்ற மூன்று எழுத்துகளும் தென்படுகின்றன. மின் அதிர்ச்சி சிகிச்சையைத்தான் அவர் குறித்தார் என்று பலரும் நினைக்கிறார்கள்.

டயமன்ட் அத்தோடு விடவில்லை. துப்பறிவாளரை வைத்துத் தேடினார். கடைசியில் உதவியது உள்ளூர்ப் பத்திரிகைதான். 2011-ல் வந்த செய்தியில் படங்களைப் பார்த்த ஒரு பெண்மணிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இது எங்க பெரியப்பா வரைந்தது!"

அவர் பெயர் ஜேம்ஸ் எட்வர்ட் டீட்ஸ். 1908-ல் பனாமாவில் பிறந்தவர். அப்பா கண்டிப்பானவர், மகனோடு ஒத்துப்போகவில்லை. 1936-ல் நெவாடா என்கிற ஊரில் இருந்த மூன்றாம் எண் அரசு மருத்துவமனையில் கொண்டுபோய் விட்டார்கள். (மாநிலம் மிசௌரிதான், நெவாடா ஊர் பெயர்.) வெளியே வந்தது 1973-ல். 37 வருஷம்! பிறகு முதியோர் இல்லம். 1987-ல் இறந்தார். தன் படங்களுக்கு விலை உண்டு என்பதே அவருக்குத் தெரியாது.

அப்படியானால் நோட்டு எப்படிக் குப்பைக்குப் போனது? அதை அவர் அம்மாவிடம் கொடுத்திருந்தார். அம்மாவிடமிருந்து தம்பி வீட்டுக்கு வந்தது. தம்பி குடும்பம் வீடு மாறும்போது, பரண் சாமான்களோடு சேர்ந்து அதுவும் போய்விட்டது. அவ்வளவுதான்.

பிறகு புத்தகம் வந்தது, கண்காட்சிகள் நடந்தன. தாள்களைப் பிரித்துத் தனித்தனியாக ஆயிரக்கணக்கான டாலருக்கு விற்றார்கள். இதில் யாரைக் குறை சொல்வது? பையன் எடுக்காவிட்டால் படமே இல்லை. ஏலத்துக்கு வராவிட்டால் டீட்ஸ் என்கிற பெயரே தெரிந்திருக்காது. அதே சமயம், ஒருவர் வரிசை எண் போட்டுத் தைத்து வைத்ததை இனி யாரும் ஒரே நோட்டாகப் புரட்ட முடியாது. இரண்டும் உண்மை.

விவியன் மேயர் கதையும் இதே மாதிரிதான். சிகாகோவில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர், ஓய்வு நேரமெல்லாம் தெருவில் போட்டோ எடுத்தவர். 2007-ல் அவருடைய நெகட்டிவ் பெட்டிகள் உள்ளூர் ஏலத்தில் போயின. பெரிய பெட்டியைச் சுமார் 400 டாலருக்கு எடுத்த ஜான் மலூஃப், சிலவற்றை ஈபேயில் போட்டு விற்க ஆரம்பித்தார். அதில் வாங்கிய ஆலன் செகுலா என்கிற புகைப்படக் கலைஞர், "இதைச் சிதறவிடாதீர்கள்" என்று சொன்ன பிறகுதான் நிறுத்தினார். 2009 ஏப்ரலில் மேயர் இறந்துபோனார். பிறகு காப்புரிமை யாருக்கு என்று 2014-ல் விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. காகிதத்தையோ நெகட்டிவையோ காசு கொடுத்து வாங்கினாலும் காப்புரிமை தானாகக் கைக்கு வராது. நம் நாட்டுச் சட்டத்திலும் படைத்தவர் இறந்து 60 வருஷம் வரை அது வாரிசுகளுடையது.

இந்தச் சந்தையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இங்கே படத்தைவிடப் படத்தின் பின்கதைக்குத்தான் விலை அதிகம். 'பழைய மருத்துவமனையில் கிடைத்தது' என்று ஒரு வரி எழுதினால் ஏலத்தொகை ஏறும். கதை விற்கும் இடத்தில் கட்டுக்கதையும் விற்கும். லூசியானாவில் பண்ணைக் கூலியாக இருந்து ஓவியரான க்ளெமன்டைன் ஹன்ட்டர் பெயரில் பல வருஷம் போலிகள் ஓடின. 2011-ல்தான் அதைச் செய்தவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

இதெல்லாம் நமக்கு எதற்கு என்கிறீர்களா? மூணு வருஷத்துக்கு ஒரு ஊர் மாறுகிறவர்கள் நாம். ஒவ்வொரு தடவையும் பேக்கர்ஸ் ஆட்கள் வந்து நிற்கும்போது, "இந்தப் பழசையெல்லாம் போட்டுடலாமா?" என்ற கேள்வி வரும். ஊர் வீட்டைக் காலி செய்யும்போது இன்னும் மோசம். பாட்டியின் கோல நோட்டு, தாத்தா கணக்கு நோட்டின் ஓரத்தில் வரைந்த தேர், அத்தை எம்ப்ராய்டரிக்குப் போட்ட டிசைன் எல்லாம் எடைக்குத்தான் போகின்றன. எல்லாமே ஏலத்தில் லட்சம் போகும் என்று சொல்லவில்லை :-) போகவும் வேண்டாம்.

ஆனால் ஒன்று செய்யலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த நோட்டின் முதல் பக்கத்தில் யார் வரைந்தது, எந்த ஊர், எந்த வருஷம் என்று எழுதி வையுங்கள். டீட்ஸின் பெயர் திரும்பக் கிடைக்க 41 வருஷம் ஆனது. நமக்கு ஒரு பேனாவும் இரண்டு நிமிஷமும் போதும்.