விடை காணா வினாவும் ஆசிரியர் மரபும்

ஆசிரியர் என்பார் விடையளிப்போர். மாணாக்கர் என்பார் வினாவுவோர். இது பொதுவிதி. எனினும், மாணாக்கன் வினாவிய பொருள் ஆசிரியர்க்கே புலப்படாது நிற்கும் காலமும் உண்டு. அக்காலத்து ஆசிரியர் முன் மூன்று வழிகள் கிடக்கின்றன. வினாவியவனைச் சினந்து வாயடக்குதல் ஒன்று; வாய்க்கு வந்ததைக் கூறி மழுப்புதல் மற்றொன்று; அறியாமையை ஒப்புக்கொண்டு, அறிந்தாரை நாடிக் கற்றுவந்து கூறுதல் மூன்றாவது. முன்னைய இரண்டும் எளியவை; பின்னையதோ அரியது. அவ்வரிய வழியே தமிழாசிரியர் மரபிலும் சைவாசாரிய மரபிலும் போற்றப்பட்டதென்பதை வரலாறு காட்டும்.

நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர், ஆசிரியராகாதார் இயல்பு கூறுமிடத்து வஞ்சத்தையும் ஒரு குற்றமாக எண்ணினார். அறியாததை அறிந்ததுபோற் காட்டுதல் வஞ்சத்தின்பாற்படும் என்பது வெளிப்படை. அவர் ஆசிரியராகாதார்க்குக் கூறிய உவமைகளுள் மடற்பனையும் ஒன்று. பிறர் ஏறிப் பறிக்கலாகாது கருக்கு மட்டையால் தடுத்து, தானே உதிர்த்தபோது மட்டும் பழந்தருவது அது. வினாவ வருவோனை அச்சுறுத்தி விலக்கும் ஆசிரியர்க்கு இதனினும் பொருந்திய உவமை காண்டல் அரிது. இன்னும், அந்நூல் வினாதலையும் வினாவியவற்றிற்கு விடை கூறுதலையும் கல்விப் பயிற்சியின் உறுப்பாகவே வைத்தது. வினா அறுவகைப்படும் என்ற இலக்கணத்தார், அவற்றுள் அறிவினாவையும் அறியாவினாவையும் வேறுபடுத்தினர். ஆசிரியன் மாணாக்கனை வினாவுவது அறிவினா; மாணாக்கன் ஆசிரியனை வினாவுவது அறியாவினா. தாம் அறியாததொன்றைப் பிறர்பாற் சென்று வினாவுங்கால் ஆசிரியரும் அறியாவினாவிற்கு உரியராய், அந்நேரத்து மாணாக்கரே ஆகின்றார்.

காவிரியின் கிளையாறுகள் பாயும் நன்னிலம் நாட்டுத் தலங்கள் இம்மரபிற்குச் சான்று பகர்வன. சுந்தரர் பாடிய நன்னிலத்துப் பெருங்கோயில் கோச்செங்கட்சோழர் எடுப்பித்த பெருமையுடையது. பழைய நன்னிலம் தாலூகாவைச் சேர்ந்த திருப்புகலூரில், முருகநாயனார் திருமடத்தில், திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் சிறுத்தொண்டரும் திருநீலநக்கரும் கூடி அளவளாவினர். திருவீழிமிழலையில் வற்கடம் வந்துற்றபோது பெருமான் சம்பந்தர்க்கும் அப்பர்க்கும் நாள்தோறும் படிக்காசு அளித்தருளினார். அப்பர் மடத்தில் அடியார்க்கு அமுது முன்னரே ஆயிற்று. சம்பந்தர் மடத்தில் தாழ்த்தது. சம்பந்தர் அதனைக் கண்டு காரணம் வினாவினார். தம் காசிற்கு வணிகர் வாசி கேட்கின்றனர் என்பதைப் பரிசனத்தார் வாயால் கேட்டுணர்ந்து, அக்குறை நீங்கப் பெருமானிடமே விண்ணப்பித்தார். ஞானப்பாலுண்ட ஆசாரியரும், தமக்குத் தெரியாததைத் தம்மிற் குறைந்தாரை வினாவியறிதலை இழிவென்று கருதிற்றிலர்.

சந்தான குரவர் வரலாறோ இப்பொருளின் உச்சியாகும். அருணந்தி சிவாசாரியார் சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்றவர்; மெய்கண்டார் குடும்பத்திற்குக் குலகுரு. சிறுவராகிய மெய்கண்டார் திருவெண்ணெய்நல்லூரில் பலர்க்கு உபதேசித்திருப்பதைக் கேட்டு, அவ்விடஞ் சென்று, ஆணவமலத்தின் சொரூபம் யாதென வினாவினார் என்பது சைவ மரபு. மெய்கண்டார் ஒன்றும் உரையாது அவரை நோக்கினார். செருக்கோடு நின்ற தம் நிலையே அவ்வினாவிற்கு விடையென உணர்ந்த அருணந்தியார், அவ்விளைய ஆசிரியர் திருவடியில் வீழ்ந்து மாணாக்கரானார். இங்கே மௌனம் அறியாமையை மறைக்கும் மௌனமன்று. விடையாகவே நின்ற மௌனம். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டு, தட்சிணாமூர்த்தியின் மோனத்தைத் தம் கல்லாமைக்குத் திரையாக்குவார் இரட்டைக் குற்றம் புரிவோராவர். மாணாக்கரான பின் அருணந்தியார் இயற்றிய இருபாவிருபது, ஆசிரியரை நோக்கி எழுப்பிய வினாக்களால் அமைந்தது. உமாபதி சிவம் அருளிய வினாவெண்பாவும் அத்தகையதே. வினாவையே சாத்திரமாகப் போற்றிய சமயத்தில் வினாவிற்கு அஞ்சுதல் எங்ஙனம் பொருந்தும்?

அண்மைக் காலத்து இதற்குச் சிறந்த சான்று சோழநாட்டிலேயே நிகழ்ந்தது. திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) பால் தமிழ் பயின்ற உ. வே. சாமிநாதையர், 1880-ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே அந்நகர்க்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் அவர் கற்ற நூல்களை வினாவினார். ஐயர் அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, புராணம் எனப் பலவற்றை எடுத்துரைத்தும் முதலியார் நிறைவுற்றிலர். சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டோ எனக் கேட்டார். ஐயர் படித்ததில்லை, அவர்தம் ஆசிரியரும் படித்ததில்லை. அவ்வுண்மையை அவர் மறைத்திலர். நூல் கிடைப்பின் பயின்று பொருள் காணலாம் என்னும் துணிவு ஒன்றே அவர்பால் இருந்தது.

முதலியார் சிந்தாமணிப் பிரதியைக் கொடுத்தார். பயிலத் தொடங்கியபின்னரே அத்துணிவிற்குச் சோதனை நேர்ந்தது. திருத்தக்கதேவர் கூறிய சைன சமயக் கருத்துக்களும் பரிபாடைச் சொற்களும் விளங்கவில்லை. நச்சினார்க்கினியர் உரை கிடைத்தும் ஐயங்கள் பல எஞ்சின. அந்நகரிலே சைனர் வாழ்வதையும், அவர்கள் சிந்தாமணியைப் பாடங்கேட்டு வருவதையும் அறிந்த ஐயர், அவர்பாற் சென்றார். சந்திரநாத செட்டியார் என்னும் சைனர் அவர் வினாவியவற்றிற்கு எளிதில் விடை கூறினார். கல்லூரியிலே ஆசிரியரிருக்கையில் அமர்ந்தவர், சமண இல்லத்திலே மாணாக்கராய் அமர்ந்தார். ஏழாண்டு உழைப்பின் பயனாக 1887-இல் சீவகசிந்தாமணி உரையுடன் அச்சேறியது.

சைவ மடத்திற் பயின்ற ஒருவர் சைன காவியத்திற்கு இத்துணை உழைத்தல் தகுமோ என்னும் ஐயம் சைவருள்ளத்து எழுதல் இயல்பே. சோழ மன்னன் சிந்தாமணியிற் பெரிதும் ஈடுபட்டிருந்தானென்றும், சேக்கிழார் பெருமான் அவனை அதனின்று மீட்டுத் தொண்டர் வரலாற்றில் ஈடுபடுத்தினாரென்றும் பெரியபுராண வரலாறு கூறுகின்றதன்றோ? ஆயின், சேக்கிழார் விலக்கியது இம்மைக்கும் மறுமைக்கும் உறுதியாக அந்நூலைப் பற்றுதலையேயன்றி, அந்நூற்பொருளை அறிதலையன்று. அறிதலே குற்றமாயின், சிவஞானசித்தியார் பரபக்கம் தோன்றியிராது. உலகாயதர், பௌத்தர், நிகண்டவாதி, ஆசீவகர் முதலிய பிறர் மதங்களை அருணந்தி சிவாசாரியார் அவர்தம் கூற்றாகவே நிறுத்திய பின்னரே மறுத்தார். பிறர் கொள்கையைப் பிறர் உடம்படுமாறு உணராதார்க்கு அங்ஙனம் கூறல் இயலாது. நச்சினார்க்கினியரும் முதலில் எழுதிய உரையைச் சைனர் ஏலாமையால், அவர்தம் நூல்களைக் கற்று மீட்டும் உரை வரைந்தார் என ஒரு செவிவழி வரலாறு வழங்குகின்றது. ஆதலின் ஐயர் சென்ற வழி புதுவழியன்று.

மணிமேகலையிலும் இதுவே நிகழ்ந்தது. பௌத்தக் கருத்துக்கள் தடுத்தபோது, கல்லூரி ஆசிரியர் மளூர் ரங்காசாரியார் பௌத்த சமயம் பற்றிய ஆங்கில நூல்களைப் படித்து உதவினார். அந்நூல் 1898-இல் வெளிவந்தது. தம் பதிப்புக்களில் ஐயர், உரையாசிரியர் காட்டிய மேற்கோள்களுள் இன்ன நூலினவென்று தமக்கு விளங்காதவற்றைத் தொகுத்து, அவை விளங்காதவை என்று வெளிப்படையாக அச்சிட்டார். அறிந்ததைக் காட்டுதல் எல்லார்க்கும் இயல்பு. அறியாததை எல்லை வரையறுத்துப் பின்வருவார்க்கு விட்டுச் செல்லுதல் சிலர்க்கே கூடுவது. கல்விக்குப் பயன்படுவது அதுவே. தேட வேண்டிய இடம் எதுவென்பது அதனால் தெரிகின்றது. 1942-இல் மறைவதற்கு முன், முதுமையில் எழுதிய தம் சரித்திரத்திலும் முதலியார் வினாவிய அந்நாள் நிகழ்ச்சியை அவர் ஒளியாது பதிந்து வைத்தார்.

அந்நாள் அவர் நாணி விலகியிருப்பினும், அறிந்தார்போல் நடித்திருப்பினும் பழந்தமிழ்க் காவியங்கள் வெளிப்படுதற்கு இன்னும் எத்துணைக் காலம் சென்றிருக்கும், ஏடுகள் எத்துணை செல்லரித்திருக்கும் என்பதை எண்ணுதல் வேண்டும். ஒரு வினாவிற்கு ஆசிரியர் தரும் முதல் விடை அறியேன் என்பதாயின் அதனால் அவர்க்கு இழுக்கில்லை. அதுவே இறுதி விடையாய் நின்றுவிடின் இழுக்குண்டு. ஆணவத்தின் வடிவைத் தம்மிடத்தே கண்டு தாழ்ந்த அருணந்தியார் சித்தியார் அருளினார். சமணர் இல்லம் நாடிய சாமிநாதையர் சிந்தாமணி தந்தார். மாணாக்கனாகத் தாழ அறிந்தவரே ஆசிரியராக உயர்ந்தனர் என்பது இவ்வரலாறுகளால் போதரும் உண்மையாம்.