ஆறு மாதத்தில் முடிந்துவிடும்

1957 ஏப்ரலில் பிட்ஸ்பர்க் அருகேயுள்ள வெஸ்டிங்ஹவுஸின் பெட்டிஸ் ஆய்வுக்கூடத்துக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. பெயர்ச்சீட்டு இல்லை, விளக்கத் தாள் இல்லை. உள்ளே கட்டுக்கட்டாகத் துளையிட்ட அட்டைகள் மட்டும். ஐபிஎம் நெடுநாளாகச் சொல்லிவந்த, ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழிக்கான கம்பைலராகத்தான் இருக்கும் என்று ஊகித்து, அங்கிருந்தவர்கள் ஒரு சோதனை நிரலைக் கொடுத்து ஓட்டினார்கள். ஒரு காற்புள்ளி விட்டுப்போயிருக்கிறது என்று அது பிழை காட்டியது. விட்டுப்போனது உண்மைதான்.

ஐபிஎம்மில் பணியாற்றிய ஜான் பேக்கஸ் ஃபோர்ட்ரானுக்கான யோசனையை முன்வைத்தது 1953 இறுதியில். கணினியை இயக்கும் செலவில் பெரும்பங்கு, நிரல் எழுதுவதிலும் பிழை களைவதிலுமே கரைந்துகொண்டிருந்த காலம் அது. வேலை எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் அவரது குழுவிடம் ஒரே பதில்தான்: ஆறு மாதம்! வீடு கட்டும் மேஸ்திரியின் வாக்கு மாதிரி, அது மூன்றாண்டுக்கு மேல் இழுத்தது.

தமிழில் கம்பைலரைத் தொகுப்பி என்கிறோம். அந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்துவது, அதற்கு முன்பே யூனிவாக் கணினிக்காக கிரேஸ் ஹாப்பர் எழுதிய ஏ-0வுக்குத்தான். அது தயாராக இருந்த துணைநிரல்களைத் தேடியெடுத்து ஒன்றுசேர்த்தது. ஃபோர்ட்ரான் செய்தது மொழிபெயர்ப்பு. ‘ஏ + பி × சி’ என்று எழுதினால் பெருக்கலே முதலில் என்று புரிந்துகொண்டு, எடு, பெருக்கு, கூட்டு, வை என இயந்திரக் கட்டளைகளாகப் பிரித்தது.

கடினமான இடம் வேறு. கையால் எழுதியதற்கு ஈடாக எந்திரம் எழுதியது ஓடாது என்று நிரலாளர்கள் அடித்துச் சொன்னார்கள். ஆகவே வேகத்துக்காகவே பாதி உழைப்பு போனது. ஃபோர்ட்ரான் ஓடவேண்டிய ஐபிஎம் 704 கணினியில், நினைவக முகவரிகளைக் கணக்கிட உதவும் இன்டெக்ஸ் ரெஜிஸ்டர்கள் மூன்றுதான். கம்பைலரோ முதலில் அவை எத்தனை வேண்டுமானாலும் இருப்பதாகப் பாவித்துக் கட்டளைகளை எழுதிவிடும். பிறகு லோயிஸ் ஹைப்ட் எழுதிய பகுதி, நிரல் ஓடுவதைப் பகடை உருட்டுவதுபோல் பாவனையாக ஓட்டி, எந்த வழியில் அதிகம் போகும் என்று கணக்கிடும். அதைப் பார்த்து, ஷெல்டன் பெஸ்ட் எழுதிய பகுதி எல்லாவற்றையும் அந்த மூன்றுக்குள் அடக்கும்.

வெளிவந்த கட்டளைகள் சில சமயம் கம்பைலரை எழுதியவர்களையே திகைக்க வைத்தன. பிழை என்று நினைத்து உட்கார்ந்து பார்ப்பார்கள். கம்பைலர் செய்தது சரியாகவே இருக்கும்.