எலியின் முதுகும் அப்பத்தாவின் முழங்காலும்

1960 மே மாதம் கலிஃபோர்னியாவில் தியோடர் மெய்மன் முதல் லேசரை ஒளிரவிட்டபோது, உலோகத்தைத் துளைக்கும், கட்டியைப் பொசுக்கும் ஒளி என்றுதான் உலகம் அதைப் பார்த்தது. அதே ஒளி வலிக்கு மருந்தானது ஓர் எலியால்.

1967இல் புடாபெஸ்ட்டில் எண்ட்ரே மெஸ்டர் என்ற மருத்துவர், லேசர் பட்டால் புற்றுநோய் வருமா என்று சோதிக்க எலிகளின் முதுகை மழித்து ரூபி லேசரைக் காட்டினார். புற்று வரவில்லை. மழித்த இடத்தில் முடி சீக்கிரமாக முளைத்தது! அவர் கருவிக்கு ஆற்றல் குறைவு. அந்தக் குறைச்சல்தான் கண்டுபிடிப்பே. பிறகு ஆறாத புண்களுக்கும் அதே ஒளியைக் கொடுத்துப் பார்த்தார். செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி இந்த ஒளியை உறிஞ்சுகிறது, அதனால் அழற்சி தணிகிறது என்பது இன்று பலரும் சொல்லும் விளக்கம்.

சின்னாளப்பட்டியில் ஆயுசுக்கும் குழித்தறி மிதித்த என் அப்பத்தாவுக்கு இரண்டு மூட்டும் தேய்மானம். திண்டுக்கல்லில் ஒரு பிசியோதெரபி நிலையத்தில் லேசர் வைத்தார்கள். அப்பத்தாவுக்கு நம்பிக்கையே இல்லை. "சுருக்குன்னு சுட்டாத்தானய்யா வைத்தியம்? இது டார்ச் லைட்டு அடிக்கிற மாதிரில்ல இருக்கு" என்றது. சூடு போட்டும் ஒத்தடம் கொடுத்தும் பழகிய ஊர், வேறெப்படிப் பேசும்? "ஒரு இடத்துக்கு எத்தனை ஜூல் கொடுக்குறீங்க?" என்று நான் கேட்டேன். "பத்து நிமிசம் சார்" என்று பதில் வந்தது.

விஷயமே அந்த ஜூலில்தான் இருக்கிறது. 2019இல் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முழங்கால் தேய்மானம் உள்ள 1,063 பேரிடம் நடந்த 22 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். 785 முதல் 860 நானோமீட்டர் ஒளி என்றால் ஒரு புள்ளிக்கு 4 முதல் 8 ஜூல், 904 நானோமீட்டர் என்றால் 1 முதல் 3 ஜூல். இந்த அளவில் கொடுத்தவர்களுக்குப் போலி சிகிச்சை பெற்றவர்களைவிட வலி குறைந்தது. ஆனால் 2022இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, போதிய சான்று இல்லை, இதைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டது. எனக்கு நார்வேக்காரர்கள் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. அதற்காக அளவே தெரியாத பத்து நிமிசத்துக்குக் காசு கட்டச் சொல்லமாட்டேன். தேய்ந்த குருத்தெலும்பு இந்த ஒளியால் திரும்ப வளரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியில் இந்தச் சண்டை கிடையாது. நைஸும் அதைத்தான் முதலில் சொல்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் வீட்டுக்கே வருகிறது. அப்பத்தா இப்போது நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி, பத்து எண்ணும்வரை பிடிக்கிறது. ஏழிலேயே இறக்கிவிட்டு பத்து என்று சொல்லும்.