கருத்தடை ஒட்டுப்பட்டை: பக்கவிளைவுகளும் பாதுகாப்பும்

கருத்தடை ஒட்டுப்பட்டை, கருமுட்டை வெளியாவதைத் தடுக்கும் ஹார்மோன்களைத் தோல் வழியாக ரத்தத்தில் சேர்க்கும் மெல்லிய பசைப்பட்டை. ஒவ்வொரு பட்டையிலும் ஈஸ்ட்ரோஜென் வகையைச் சேர்ந்த எத்தினைல் எஸ்ட்ராடியோலும் ஒரு புரோஜெஸ்டினும் இருக்கும். முதலில் வந்த ‘ஆர்த்தோ எவ்ரா’ பட்டையின் புரோஜெஸ்டின் நோரெல்ஜெஸ்ட்ரோமின். 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘ட்விர்லா’ பட்டையில் லெவோநோர்ஜெஸ்ட்ரெல். வாரத்துக்கு ஒன்றாக மூன்று வாரம் ஒட்டிவிட்டு, நான்காம் வாரம் பட்டை இல்லாமல் இருக்க வேண்டும். மாதவிடாய் அந்த வாரத்தில் வரும். முறை தவறாமல் பயன்படுத்தினால் ஓராண்டில் 1000 பெண்களில் சுமார் 3 பேர் கருத்தரிப்பர். மறதியும் தாமதமும் கலந்த அன்றாட நடைமுறையில் அது 100 பேரில் ஏறத்தாழ 7 ஆக உயர்கிறது.

இந்திய அரசின் குடும்பநலத் திட்டம் இலவசமாகத் தரும் கருத்தடை முறைகளில் இப்பட்டை இல்லை. ஆயினும் இதைப் பற்றிய அறிவு இங்கே தேவைப்படுகிறது. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுரா நகரத்தின் மேற்குப் பகுதியான சாந்த்ராகாச்சி போன்ற இடங்களில் இன்னும் கூடுதலாக. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, கருத்தடை மாத்திரை உட்கொள்ளும் மணமான பெண்கள் இந்திய அளவில் சுமார் 5 விழுக்காடு. மேற்கு வங்கத்தில் அது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். தமிழ்நாட்டில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு, இங்கே பாதிக்கும் மேற்பட்டோர் நம்புவது குடும்பக்கட்டுப்பாட்டு அறுவையை. தினமும் மாத்திரை விழுங்கிப் பழகிய ஊரில், ‘வாரத்துக்கு ஒன்று ஒட்டினால் போதும்’ என்ற பேச்சு எளிதில் கவரும். வெளிநாட்டில் இருக்கும் உறவினர் வாங்கி வந்து கொடுப்பதும், மருத்துவரைப் பார்க்காமலே ஒட்டிக்கொள்வதும் நடக்கக்கூடியவை. அப்படி ஒட்டுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

வெளியே ஒட்டினாலும் உள்ளே சேரும் மருந்து

பட்டையைப் பற்றிய தவறான எண்ணங்களில் முதலாவது, வயிற்றுக்குள் போகாததால் அது மாத்திரையைவிட மென்மையானது என்பது. முதுகுவலிக்கு ஒட்டும் பிளாஸ்திரியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. உண்மை வேறு.

ஆர்த்தோ எவ்ராவுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2001 நவம்பரில் அனுமதி தந்தது. ஐரோப்பா 2002இல் தந்தது. நான்கே ஆண்டுகளில், 2005 நவம்பரில், அமெரிக்க நிர்வாகம் மருந்தின் குறிப்பேட்டில் ஓர் எச்சரிக்கையைச் சேர்க்க வைத்தது: 35 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜென் கொண்ட வழக்கமான மாத்திரையை உட்கொள்பவரைவிட, பட்டை ஒட்டியவரின் உடல் மொத்தத்தில் சுமார் 60 விழுக்காடு கூடுதல் ஈஸ்ட்ரோஜெனைப் பெறுகிறது. மாத்திரை விழுங்கியதும் ரத்தத்தில் ஹார்மோன் அளவு உச்சத்துக்குப் போய், அடுத்த மாத்திரை வரை இறங்கிக்கொண்டே வரும். பட்டையில் அந்த உச்சம் சுமார் 25 விழுக்காடு குறைவு. ஆனால் இறக்கமும் இல்லை. இரவும் பகலும் ஒரே சீராக மருந்து கசிந்துகொண்டே இருப்பதால் கூட்டுத்தொகை பெருகிவிடுகிறது.

மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் தரப்படும் எஸ்ட்ராடியோல் பட்டை, மாத்திரையைவிட ரத்த உறைவு ஆபத்து குறைந்தது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தச் செய்தியைக் கருத்தடைப் பட்டைக்கும் பொருத்திப் பேசுபவர்கள் உண்டு, அது பொருந்தாது. அங்கே பயன்படுவது உடல் தானே சுரக்கும் எஸ்ட்ராடியோல். இங்கே பயன்படுவது கல்லீரலில் எளிதில் சிதையாத செயற்கை எத்தினைல் எஸ்ட்ராடியோல். தோல் வழியாக நுழைந்தாலும் அது ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய், ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது.

ரத்த உறைகட்டி

பட்டையின் பக்கவிளைவுகளில் உயிருக்கு உலை வைக்கக்கூடியது இது. காலின் ஆழ்சிரைகளில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அது நகர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் மரணம் நேரலாம். அரிதாக மூளையிலும் இதயத்திலும் அடைப்பு ஏற்படும். ஐரோப்பிய மருந்து முகமையின் கணக்குப்படி, ஹார்மோன் எதுவும் எடுக்காத, கருவுறாத 10,000 பெண்களில் ஆண்டுக்குச் சுமார் 2 பேருக்கு இது வரும். லெவோநோர்ஜெஸ்ட்ரெல் கலந்த மாத்திரை எடுப்போரில் 5 முதல் 7 பேருக்கு. நோரெல்ஜெஸ்ட்ரோமின் பட்டை ஒட்டுவோரில் 6 முதல் 12 பேருக்கு. டென்மார்க்கில் பெண்களின் மருத்துவப் பதிவேடுகளைக் கொண்டு 2012இல் வெளியான ஆய்வு, ஹார்மோன் எடுக்காதவரோடு ஒப்பிட்டால் பட்டை ஒட்டுவோருக்கு ஆபத்து ஏறத்தாழ 8 மடங்கு என்று கண்டது. மடங்கைக் கேட்டுப் பதறுவதற்கு முன் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும்: அந்த ஆய்விலும் அது 10,000 பேரில் சுமார் 10. கருவுற்றிருக்கும்போதும் மகப்பேற்றை ஒட்டிய வாரங்களிலும் உறைகட்டி ஆபத்து இதைவிட அதிகம். பெரும்பாலான பெண்களுக்கு இது வராது. ஆனால் யாருக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதை முன்கூட்டியே கேட்டறிய முடியும் என்பதால், கேட்காமல் விடுவதற்கு மன்னிப்பில்லை.

பயன்படுத்தத் தொடங்கிய முதல் ஆண்டில் ஆபத்து மிகுதி. நடுவே 4 வாரமோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினாலும் அது மீண்டும் கூடும். ஆகவே அடிக்கடி நிறுத்தித் தொடங்குவது உடலுக்கு ஓய்வு தருவதாகாது.

சாந்த்ராகாச்சியிலிருந்து யோசித்தால் இன்னொன்றும் முக்கியமாகிறது. தென்கிழக்கு ரயில்வேயின் இந்தச் சந்திப்பிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு நேரடி வண்டிகள் ஓடுகின்றன. சுமார் 1,660 கிலோமீட்டர், ஒரு பகலும் ஓர் இரவும் தாண்டும் பயணம். மேற்கு வங்கத்திலிருந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கும் சென்னை மருத்துவமனைகளுக்கும் சிகிச்சைக்கு வருவோர் தலைமுறைகளாக இந்த வழித்தடத்தை நம்பியிருக்கிறார்கள். விமானமோ ரயிலோ பேருந்தோ, 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் சிரை உறைகட்டி ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் அறிவித்தது. ஹார்மோன் கருத்தடையும் உடல் பருமனும் அதைக் கூட்டும் காரணங்களில் அடங்கும். பயணத்துக்காகப் பட்டையைக் கழற்ற வேண்டியதில்லை. மணிக்கொரு முறை எழுந்து பெட்டிக்குள் நடப்பது, கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது, கழிப்பறைக்குப் போக அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் வழக்கத்தை விடுவது ஆகியவை வேண்டும்.

பயணத்தின் நோக்கமே அறுவை சிகிச்சை என்றால் கதை மாறுகிறது. நெடுநாள் படுக்கையில் கிடக்க வேண்டிய பெரிய அறுவைக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே பட்டையை நிறுத்திவிட்டு வேறு முறைக்கு மாற வேண்டும்; எழுந்து நடமாடத் தொடங்கி 2 வாரம் ஆன பிறகே மறுபடி ஒட்டலாம். ‘என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்று மயக்க மருத்துவர் கேட்கும்போது, விழுங்காத பட்டை பலருக்கு நினைவுக்கு வராது. அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, ரத்தம் கலந்த இருமல், இதுவரை இல்லாத கடும் தலைவலி, பார்வை மங்கல் அல்லது இழப்பு, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல், மேல்வயிற்றில் தாங்கமுடியாத வலி, கண்ணில் மஞ்சள்: இவற்றில் ஒன்று வந்தாலும் பட்டையை உரித்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

யாருக்குக் கூடாது

35 வயதுக்கு மேல் புகைபிடிப்பவர்களுக்கு இது ஆகாது. பீடியும் இதில் அடங்கும். முன்பு உறைகட்டி, பக்கவாதம், மாரடைப்பு வந்தவர்கள், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்கள், கடுமையான கல்லீரல் நோய் உள்ளவர்கள், கண்ணிலோ நரம்பிலோ பாதிப்பு ஏற்பட்ட நீரிழிவு நோயாளிகள் தவிர்க்க வேண்டும். கண் முன்னே மின்னல் கோடுகள் தெரிந்து பின் தொடங்கும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கூடாது; பக்கவாத வாய்ப்பை அது கூட்டுகிறது. இது பலர் மருத்துவரிடம் சொல்லாமல் விடும் தகவல். ரத்த அழுத்தம் 140/90ஐத் தாண்டினாலே பொதுவாக ஈஸ்ட்ரோஜென் கலந்த முறைகள் பரிந்துரைக்கப்படுவதில்லை. இதைக் கண்டறியப் பெரிய ஆய்வகம் வேண்டாம், துணை சுகாதார நிலையத்தில் ஐந்து நிமிடத்தில் அளந்துவிடலாம். அளக்காமல் பட்டையோ மாத்திரையோ தொடங்கக் கூடாது.

பிள்ளை பெற்றவர்களில் பாலூட்டுபவர்கள் முதல் 6 வாரம் அறவே தொடக்கூடாது. 6 மாதம் வரை வேறு முறையே நல்லது. பாலூட்டாதவர்களும் முதல் 3 வாரம், வேறு ஆபத்துக் காரணங்கள் இருந்தால் 6 வாரம் பொறுக்க வேண்டும். உடல் எடையும் இங்கே இருவகையில் பேசுகிறது: 90 கிலோவுக்கு மேற்பட்டவர்களிடம் பட்டையின் பலன் குறைவதை முதல் ஆய்வுகளே காட்டின, உடல் நிறை எண் 30ஐத் தொட்டவர்கள் ட்விர்லாவைப் பயன்படுத்தக் கூடாது என அதன் குறிப்பேடு சொல்கிறது.

அன்றாடத் தொல்லைகள்

மார்பகத்தில் கனமும் வலியும், தலைவலி, குமட்டல், ஒட்டிய இடத்தில் அரிப்பு ஆகியவை அடிக்கடி வருபவை. ஆய்வுகளில் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வந்தன. மார்பக வலி பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களில் அடங்கிவிடும். இடையிடையே திட்டுத்திட்டாக ரத்தம் படுவதும் தொடக்கத்தில் உண்டு. முகத்தில் மங்கு படர்வது நம் நிறத்தவருக்கு மனவருத்தம் தருவது; வெயிலில் அது கருக்கும், பட்டையை நிறுத்திய பிறகும் உடனே மறையாது. மனச்சோர்வு வந்தால் அதைக் குடும்பக் கவலையின் கணக்கில் மட்டும் எழுதிவிடாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

கங்கைக்கரைக் கோடையின் புழுக்கத்தில் பட்டை நிற்குமா என்ற கேள்வி நியாயமானது. வெப்பம், ஈரம், உடற்பயிற்சி, குளியல் ஆகிய நிலைகளில் சோதித்தபோது பெரும்பாலானவை ஒட்டியபடியே இருந்தன. கழன்றுபோய் மாற்ற வேண்டியவை 100இல் 5க்கும் குறைவு. எண்ணெய் தடவிய தோலில் மட்டும் ஒட்டாது. தேங்காயெண்ணெயோ, பவுடரோ, களிம்போ படாத, கழுவி நன்றாக உலர்ந்த தோல் வேண்டும். அடிவயிறு, பிட்டம், மேல்கையின் வெளிப்புறம், மேல்முதுகு ஆகியவை ஏற்ற இடங்கள். மார்பகத்தில் ஒட்டவே கூடாது. பாவாடை நாடா இறுக்கும் இடுப்புக்கோட்டையும் தவிர்க்கலாம். வாரந்தோறும் இடத்தைச் சற்று மாற்றினால் அரிப்பு குறையும். உறையைப் பிரிக்காமல் 30 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது.

கழன்று 24 மணி நேரத்துக்குள் கவனித்தால் அதையே ஒட்டலாம், ஒட்டாவிட்டால் புதியது. மேலே செலோடேப் போட்டு ஒட்டுவது பயனற்றது. 24 மணி நேரம் கடந்திருந்தாலோ, எப்போது கழன்றது என்று தெரியாவிட்டாலோ, புதிய சுற்றைத் தொடங்கி 7 நாள் ஆணுறையும் பயன்படுத்த வேண்டும். மிக ஆபத்தான மறதி, பட்டை இல்லாத வாரத்தை 7 நாளுக்கு மேல் நீளவிடுவது. கருமுட்டை அப்போதுதான் வெளியாகும்.

காசநோய் மிகுந்த நம் நாட்டில் தனித்துச் சொல்ல வேண்டியது ரிஃபாம்பிசின். ஆறு மாதக் காசநோய்ச் சிகிச்சையின் முதுகெலும்பான இம்மருந்து, ஹார்மோன்களைக் கல்லீரலில் விரைந்து சிதைத்துப் பட்டையைப் பயனற்றதாக்குகிறது. ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் முதலிய வலிப்பு மருந்துகளும் அப்படியே. மறுபுறம், லாமோட்ரிஜின் என்னும் வலிப்பு மருந்தின் அளவை ஈஸ்ட்ரோஜென் குறைத்துவிடுவதால் வலிப்பு திரும்பக்கூடும்.

உரித்த பிறகு

ஒரு வாரம் ஒட்டிய பட்டையிலும் ஹார்மோன் கணிசமாக மிஞ்சியிருக்கும். பசைப்பக்கம் உள்ளே வருமாறு மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் குப்பையில் சேர்க்க வேண்டும்; கழிப்பறையில் போடக் கூடாது. கனடாவின் ஆன்டாரியோவில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரி ஒன்றில் 2001 முதல் மூன்று கோடைகள், லிட்டருக்கு 5–6 நானோகிராம் அளவில் எத்தினைல் எஸ்ட்ராடியோலைக் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்கள் பெண் தன்மை அடைந்து, சிறு மீன் இனம் ஒன்று ஏறக்குறைய அழிந்தே போனதாக 2007இல் முடிவை வெளியிட்டார்கள். சாந்த்ராகாச்சி நிலையத்தை அடுத்த ஜீல், குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான சீழ்க்கைச் சிறகிகள் வந்திறங்கும் நீர்நிலை. அதில் சாக்கடை கலப்பதை எதிர்த்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. சாக்கடை எங்கே போய்ச் சேர்கிறது என்பது கண்ணெதிரே தெரியும் ஊர் அது.

மாற்று வழிகள்

ஈஸ்ட்ரோஜென் ஒவ்வாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே இலவச வழிகள் உள்ளன. காப்பர் டியில் ஹார்மோனே இல்லை. லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி 1991இல் ‘சஹேலி’ என்று சந்தைக்கு வந்த சென்ட்குரோமன் மாத்திரை, இப்போது ‘சாயா’ என்ற பெயரில் வழங்கப்படுகிறது. முதல் 3 மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. 2017இல் வந்த ‘அந்தரா’ ஊசியில் புரோஜெஸ்டின் மட்டுமே; 3 மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும். ஊசியின் வரவுக்குப் பின்னால் நீண்ட போராட்டம் உண்டு. 1980களில் நெட்-என் என்னும் கருத்தடை ஊசியின் சோதனையில் பெண்களுக்கு உரிய தகவல் தரப்படவில்லை என்று ஹைதராபாத்தின் ஸ்திரீ சக்தி சங்கடன உள்ளிட்ட பெண்கள் அமைப்புகள் 1986இல் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றன. ஹார்மோன் மருந்து எதுவானாலும் ரத்த அழுத்தம் பார்க்கப்படவும், பக்கவிளைவுகள் தாய்மொழியில் சொல்லப்படவும், வேண்டாம் என்றால் வேறு முறை தரப்படவும் கேட்பது பெண்ணின் உரிமை. இந்த முறைகள் எதுவும், பட்டை உட்பட, எச்.ஐ.வி. முதலிய பால்வினைத் தொற்றுகளைத் தடுக்காது. அதற்கு ஆணுறை ஒன்றே.