பிஜித் தீவிற் புகுந்த மெலிவு

பிஜித் தீவில் உடற்பருமன் முன்னாளில் இழுக்கன்று. ஒருத்தி மெலிந்தால், அவளைப் பேணாத சுற்றத்தாரையே ஊர் பழித்தது. உடல், உறவினரின் அன்புக்குச் சான்று. இதனை அறியாமையென நாம் நகைப்பதற்கில்லை.

1995இல் அத்தீவின் நன்ட்ரோங்காப் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. காட்டப்பட்டவை பெரும்பாலும் மேலைநாட்டு நாடகங்கள். மானிடவியலாளரும் மனநோய் மருத்துவருமான ஆன் பெக்கர் அவ்வாண்டிலும் 1998இலும் பள்ளி மாணவியரை ஆராய்ந்தார். மெலிவதற்காக உண்டதை வாந்தியெடுத்தவர் முதலாண்டில் எவருமிலர். மூன்றாண்டின் பின் நூற்றுக்கு 11.3 பேர். உணவுபற்றிய மனக்கோளாற்றின் அறிகுறி மிகுந்தோர் நூற்றுக்கு 12.7இலிருந்து 29.2 ஆயினர்.

அழகுமோகம் என்று இதனை ஒதுக்கிவிடுவோர் நம்மிடையே உளர். அம்மாணவியரிற் சிலரோ, மெலிந்தவளுக்கே நல்ல வேலை கிட்டும் என்று நம்பியிருந்தனர்.