வெடித்தொப்பியும் மழைக்களமும்: 1841 கான்டன் நிகழ்வை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

துப்பாக்கியின் வரலாற்றை எழுதியோர் குழலுக்கும் குண்டுக்கும் தந்த கவனத்தை மருந்தைப் பற்றவைக்கும் உறுப்புக்குத் தந்தது குறைவு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சக்கிமுக்கிக் கல்லின் இடத்தைப் பிடித்த வெடித்தொப்பி, அளவில் சிறியதாயினும் விளைவில் பெரியது. அதன் தோற்றம், காம்பில் பொருந்தும் முறை, வழங்கல் ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 1841இல் கான்டன் நகருக்கு வெளியே சென்னை இராணுவச் சிப்பாய்கள் மழையில் சிக்கிய நிகழ்வு இதற்கு மையச் சான்றாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வெடித்தொப்பி, சக்கிமுக்கித் துப்பாக்கி, கருமருந்து, சென்னை இராணுவம், அபினிப் போர், ஆயுதச் சட்டம்.

முன்னுரை

1841ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சீனத்தின் கான்டன் நகருக்கு வடக்கே சான்யுவான்லி என்னும் ஊரை அடுத்த வயல்வெளியில் இடியுடன் பெருமழை பெய்தது. முதல் அபினிப் போரில் பிரித்தானியர் தரப்பில் நின்ற 37ஆம் சென்னைச் சுதேசிக் காலாட்படையைச் சேர்ந்த ஏறத்தாழ அறுபது சிப்பாய்கள் தம் படையிலிருந்து பிரிந்துபோயினர். ஈட்டிகளையும் உழவுக் கருவிகளையும் ஏந்திய ஊர்மக்கள் அவர்களைப் பெருந்திரளாகச் சூழ்ந்தனர். சிப்பாய்களின் கையில் துப்பாக்கிகள் இருந்தன, அவை சுடவில்லை. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதற்கு விடை காண, துப்பாக்கியின் மிகச் சிறிய உறுப்பொன்றின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

சக்கிமுக்கியின் இயல்பும் குறையும்

சக்கிமுக்கித் துப்பாக்கியில் ‘குதிரை’ எனப்படும் சுத்தியின் வாயில் கல் பொருத்தப்பட்டிருக்கும். விசையை இழுத்தால் கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி எழும். பொறி திறந்த கிண்ணத்திலுள்ள தூண்டுமருந்தைப் பற்றவைக்கும். அந்நெருப்பு பற்றுவாய் வழியே குழலினுள் சென்று கருமருந்தை எட்டும். கல் மழுங்கினாலும், பற்றுவாய் அடைத்தாலும், கிண்ண மருந்து நனைந்தாலும் இத்தொடர் அறுபடும். ஆகவே கல்லின் முனையைச் சீர்செய்தல், கிண்ணத்தைத் துடைத்தல், பற்றுவாயைக் கம்பியால் குத்தித் திறத்தல் ஆகியன வீரனின் அன்றாடப் பழக்கங்களாயின. சுடுதிறனின் ஒரு பகுதி அவன் கைப்பழக்கத்தில் அடங்கியிருந்தது. ஆனால் பெருமழையில் எக்கைப்பழக்கமும் உதவாது.

வேதிப்பொருளிலிருந்து தொப்பிக்கு

அடித்தால் வெடிக்கும் பொருள்களைப் பற்றிய ஆய்வு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலுப்பெற்றது. பிரெஞ்சு வேதியியலார் பெர்த்தொலே ஆராய்ந்த பொட்டாசியம் குளோரேட்டைக் கொண்டு புதிய வெடிமருந்து செய்ய 1788இல் எஸ்ஸோன் ஆலையில் நடந்த முயற்சி உயிரிழப்பில் முடிந்தது. 1800இல் ஆங்கில வேதியியலார் எட்வர்ட் ஹோவர்ட் பாதரச ஃபல்மினேட்டின் பண்புகளை இலண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தார். குழலினுள் இடும் முதன்மை மருந்தாக இத்தகைய பொருள்கள் ஏற்கத்தக்கனவாக இல்லை. அவற்றின் வேகம் குழலையே பிளக்கக்கூடியது.

அவற்றைப் பற்றவைப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம் எனக் கண்டவர் ஸ்காட்லாந்தின் பெல்ஹெல்வி ஊரில் கிறித்தவப் போதகராக இருந்த அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சித். வேட்டையில் ஈடுபாடுடைய அவர், கிண்ணத்தில் எழும் ஒளியைக் கண்டு பறவைகள் தப்புவதைக் கவனித்து மாற்றுவழி தேடினார் என்பர். 1807இல் அவர் காப்புரிமை பெற்றார். அவருடைய அமைப்பில் வெடிபொருள் தூளாகவே இருந்தது. அதனைச் சிறு செம்புக் கிண்ணியில் அடைத்துத் தொப்பியாக்கியவர் யார் என்பது குறித்து ஜோஷுவா ஷா, ஜோசப் எக் முதலிய பலருக்காகவும் உரிமை கோரப்பட்டுள்ளது. 1820களில் வேட்டைத் துப்பாக்கிகளில் இத்தொப்பி நிலைபெற்றது.

படைத்துறை தயங்கியே ஏற்றது. 1834இல் வுல்விச்சில் இருவகைத் துப்பாக்கிகளும் 6,000 முறை வீதம் சுட்டுச் சோதிக்கப்பட்டன. சக்கிமுக்கி ஏறத்தாழ ஆறரை முறைக்கு ஒருமுறை பொய்த்தது. தொப்பித் துப்பாக்கி 166 முறைக்கு ஒருமுறையே பொய்த்தது. இதன் பின்னரே, 1830களின் இறுதியில், பிரித்தானியப் படை புதிய முறைக்கு மாறத் தொடங்கியது.

தொப்பியும் காம்பும்

பேச்சுவழக்கில் ‘கேப்பு’ எனப்படும் இத்தொப்பி மெல்லிய செம்புத் தகட்டாலானது. உட்புற அடியில் வெடிகலவை அழுத்தப்பட்டு, ஈரம் புகாதவாறு மெருகுப்பூச்சு இடப்பட்டிருக்கும். குழலின் அடிப்பகுதியில் திருகப்பட்ட, துளையுடைய எஃகுக் காம்பின்மேல் இதனைக் கவிழ்த்து வைப்பர். குதிரை விழுந்து அடிக்க, தீ காம்பின் துளை வழியே மருந்தை அடையும்.

இவ்வமைப்பின் வெற்றி பொருத்தத்தைச் சார்ந்தது. தொப்பி தளர்ந்திருந்தால் துப்பாக்கியைச் சாய்த்ததும் விழுந்துவிடும். இறுக்கமாயின் அதன் அடி காம்பின் முனையைத் தொடாது. குதிரையின் முதல் அடி தொப்பியைக் கீழிறக்குவதிலேயே வீணாகி, இரண்டாம் அடியில்தான் வெடிக்கும். போர்க்களத்தில் முதல் அடி பொய்ப்பது உயிருக்கே கேடாகலாம். பலமுறை அடிபட்டுக் காம்பின் முனை தட்டையானாலும் இதே குறை நேரும். ஆகவே தொப்பியைத் தேர்தல் என்பது காம்பின் அளவையும் நிலையையும் அறிந்து தேர்தலே ஆகும். நனைந்த, குளிரில் விறைத்த விரல்களும் பற்றுவதற்காகப் படைத்துறைத் தொப்பிகள் பெரியனவாகவும் விளிம்புடையனவாகவும் செய்யப்பட்டன. வெடிக்கும்போது சிதறாமல் விரிவதற்காக அவற்றின் பக்கங்களில் பிளவுகள் இடப்பட்டன. அமெரிக்கப் படைத்துறை பத்துத் தோட்டாக்கள் கொண்ட பொதியுடன் பன்னிரண்டு தொப்பிகளை வைத்து வழங்கியது. கைநழுவுவதும் பொய்ப்பதும் எதிர்பார்க்கப்பட்டன என்பதற்கு இவ்வெண்ணிக்கையே சான்று.

சான்யுவான்லியில் நிகழ்ந்தது

சென்னை இராணுவத்தின் அணிகளில் தமிழர், தெலுங்கர், முஸ்லிம்கள் எனப் பலரும் இருந்தனர். சான்யுவான்லியில் சிக்கிய சிப்பாய்களிடம் இருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். கிண்ண மருந்து நனைந்தபின் அவை துப்பாக்கிமுனைக் கத்தியைத் தாங்கும் தண்டுகளாக மட்டுமே பயன்பட்டன. சிப்பாய்கள் சதுர அணிவகுத்துத் தம்மைக் காத்துக்கொண்டனர். அணி திரும்பாததை அறிந்த தளபதி ஹியூ காஃப், கடற்படைக் காலாட்களின் இரு பிரிவுகளைத் தேடி அனுப்பினார். அவர்களைத் தேர்ந்தமைக்குக் காரணம் அவர்களிடம் தொப்பித் துப்பாக்கிகள் இருந்தமையே. அதே மழையில் அவை சுட்டன, சூழ்ந்திருந்தோர் விலகினர், சிப்பாய்கள் மீட்கப்பட்டனர்.

இதனை இனப் பாகுபாட்டின் நேரடி விளைவு என்று மட்டும் கொள்ள இயலாது. அந்நாளில் பிரித்தானிய அரசப் படைகளிலும் சக்கிமுக்கி நீங்கியிருக்கவில்லை. எனினும் யாருக்கு முதலில் புதிய கருவி என்பது களத்துக்கு வெளியே முடிவுசெய்யப்பட்டது. அம்முடிவின் விலையைக் களத்தில் நின்றவர் கொடுத்தனர். மறுபுறம், சீன வரலாற்றில் இந்நாள் அயலாரை எதிர்த்த மக்கள் எழுச்சியாகப் போற்றப்படுகிறது. அவ்வெழுச்சிக்குக் கிடைத்த வாய்ப்பிலும், அது கலைந்த விதத்திலும் பற்றவைக்கும் உறுப்பின் வேறுபாடு பங்குகொண்டுள்ளது.

உறுதியும் சார்பும்

தொப்பி உறுதியைத் தந்தது. அதனுடன் சார்பையும் தந்தது. நல்ல துப்பாக்கிக் கற்கள் இங்கிலாந்தின் பிராண்டனிலிருந்து ஏற்றுமதியாயின என்றாலும், முட்டுப்பாட்டில் கடினமான கல்லொன்றைச் செதுக்கிக்கொள்ள இயலும். தொப்பிக்கோ செம்புத் தகடு, பாதரசம், அமிலம், அச்சுப்பொறி, பயிற்சி பெற்ற தொழிலாளர் அனைத்தும் வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலக் கூட்டமைப்பு டென்னசியின் செம்புச் சுரங்கங்களை இழந்தபோது, கற்பூரத்தைலமும் பழச்சாராயமும் வடித்த செம்புக் கலங்களைத் திரட்டித் தொப்பிகள் செய்தது. எஞ்சிய செம்பைத் தொப்பிக்கென ஒதுக்குவதற்காக வெண்கலப் பீரங்கி வார்ப்பு கைவிடப்பட்டது.

இந்தியாவில் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ‘வெடிபொருள்’ என்பதன் வரையறையில் துப்பாக்கிக் கல்லையும் வெடித்தொப்பியையும் பெயர் சுட்டிச் சேர்த்தது. ஈயம், கந்தகம், வெடியுப்பு ஆகியவற்றை விலக்கியது. கருமருந்தின் மூலப்பொருள்கள் பிற தொழில்களுக்கும் வேண்டப்படுவன. அவற்றை முற்றக் கட்டுப்படுத்துதல் அரிது. தொப்பிக்கோ துப்பாக்கியன்றி வேறு பயனில்லை. அதனை வீட்டில் செய்துகொள்வதும் எளிதன்று. எனவே நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவரைக் கட்டுப்படுத்த, குழலைப் பறிப்பதைக் காட்டிலும் தொப்பியை மறுப்பது எளிய வழியாக அமைந்திருக்கும் எனக் கருத இடமுண்டு.

முடிவுரை

வெடித்தொப்பி மழையிலும் சுடும் துப்பாக்கியை உருவாக்கியது. அதே வேளையில், சுடுதிறனின் உறுதியை வீரனின் கைப்பழக்கத்திலிருந்து தொழிற்சாலைக்கும், வழங்கவும் மறுக்கவும் வல்ல அதிகாரத்துக்கும் இடம் மாற்றியது. சான்யுவான்லியில் சிப்பாய்களின் பயிற்சியோ துணிவோ குறைந்திருக்கவில்லை; அவர்களுக்கு இன்னும் வழங்கப்படாத ஒரு செம்புத் துண்டே குறைந்திருந்தது. சென்னை இராணுவத்தின் வரலாற்றை ஆராய்வோர் போர்களையும் தளபதியரையும் நோக்குவதுடன், கருவிகள் எப்போது, எவ்வரிசையில் சிப்பாயின் கையை அடைந்தன என்பதையும் நோக்குதல் தேவை. அவ்வரிசையே பல களங்களில் இறப்பையும் பிழைப்பையும் வகுத்துள்ளது.